கம்பைநல்லூர்ச் சந்தையில் ஓர் இன்சுலின் பேனா

1

இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம் முடிந்ததைச் சாக்காக வைத்துப் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு தமிழ்க் குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். ஒன்று சேலத்துக் குடும்பம், இன்னொன்று திருப்பத்தூர். காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றேன். வந்தவர்கள் சாம்பாரை இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார்கள். "சூப்பருங்க கவிதா, ஊர்ல சாப்ட்ட மாதிரியே இருக்குது" என்று சேலத்துக்காரர் கையை நக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக வந்து உட்கார்ந்தவள் என் மகள் யாழினி. பன்னிரண்டு வயது. ஒரு வாய் வைத்தாள். ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அம்மா, இதில் உப்பே இல்லை" என்றாள்.

நான் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு கல் உப்பு இல்லை. உப்பு டப்பா மேசையின் நடுவிலேதான் இருந்தது. இவ்வளவு நேரம் ஒருவரும் அதைத் தொடவில்லை. தொட்டால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று அத்தனை பேரும் சப்பென்று இருந்த சாம்பாரை இரண்டு தடவை ஊற்றித் தின்றிருக்கிறார்கள்.

என் கணவர் யாழினியை முறைத்தார். சேலத்துக்காரர் மனைவி, "இல்லீங்க, உப்பு கம்மியா இருந்தாத்தான் ஒடம்புக்கு நல்லது" என்று சமாளித்தார். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் நான் இங்கே படிக்கிற படிப்பே, இந்த வருடம் என்னைக் காப்பாற்றிய விஷயமே, அந்த உப்பில்லாத சாம்பாருக்குள் இருந்தது.

2

ஊரில் என்ன படிக்கிறாய் என்று கேட்பவர்களிடம் "மனிதக் காரணிகள் உளவியல்" என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். "சைக்காலஜிங்களா? அப்ப பைத்தியத்துக்கு வைத்தியம் பாப்பீங்களா?"

இல்லை. எளிதாகச் சொல்கிறேன். கேஸ் அடுப்பில் நாலு பர்னர் இருக்கும். குமிழ்கள் நாலும் ஒரே வரிசையில் இருக்கும். எது எதற்கு என்று தெரியாமல் தப்பானதைத் திருகிவிடுகிறோம். திருகியவரைத் திட்டுவது உலக வழக்கம். அடுப்பைத் திட்டுவது எங்கள் படிப்பு. ஆள் ஏன் தடுமாறுகிறார், பொருளை எப்படிச் செய்தால் தடுமாற மாட்டார் என்று ஆராய்வதுதான் வேலை.

தருமபுரி மாவட்டத்தில், கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் அப்பா இதற்கு என்னை விட நல்ல விளக்கம் வைத்திருக்கிறார். "மெஷினுக்கும் மனுசனுக்கும் சண்ட வந்தா எங்க பொண்ணு மனுசன் பக்கம் பேசும்" என்று டீக்கடையில் சொல்வாராம்.

நான் பெங்களூரில் மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவள். கருவியின் பொத்தான் குழப்பமாக இருந்தாலும் திட்டு வாங்குவது நர்ஸ்தான் என்பதை வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தபோது, நாற்பது வயதில், பேசாமல் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். வகுப்பில் எல்லாரும் என் பாதி வயது. முதல் நாள் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து ஒரு பையன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். நானும் அப்படியே நிமிர்ந்து உள்ளே போனேன். முதுகலையை நன்றாகவே முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு இடமும் வாங்கினேன். முதல் வருட முடிவில் ஒரு நேர்காணல் உண்டு. அதில் தேறினால் ஆய்வைத் தொடரலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

3

எனக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் ஓர் இன்சுலின் பேனா. சர்க்கரை நோயாளிகள் வயிற்றில் குத்திக்கொள்வது. பின்பக்கக் குமிழைத் திருகினால் டிக், டிக் என்று சத்தம் வரும். எத்தனை யூனிட் என்று ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலில் நம்பர் தெரியும். அப்புறம் குத்தி அழுத்த வேண்டும். வழக்கமான பேனாவில் ஒரு சத்தத்துக்கு ஒரு யூனிட். இந்தப் புதுப் பேனாவில் ஒரு சத்தத்துக்கு இரண்டு. வயதானவர்கள் விரல் வலிக்கத் திருக வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். கம்பெனிக்காரர்கள் இதை இந்தியாவிலும் விற்கப் போகிறார்கள். அங்கே உள்ளவர்களுக்குச் சரிப்படுமா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய இங்கே ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதைவிடக் கடினமான வேலை அது. உறவினர்களைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்றார்கள். சரி. வருபவர்களுக்குத் தின்ன, குடிக்க ஏதாவது தருவீர்களா என்று கேட்டார்கள். டீயும் வடையும் என்று எழுதினேன். அது அவர்களுடைய பதில்களைப் பாதிக்காதா என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு டீக்கு மயங்குகிற ஜனமா நாங்கள்? மரியாதையான ஆங்கிலத்தில் அதைத்தான் எழுதி அனுப்பினேன்.

ஆடி மாதம் ஊருக்குப் போனேன். கம்பைநல்லூரில் கிளினிக் வைத்திருக்கும் என் பள்ளித் தோழி தன் மாடி அறையைக் கொடுத்தாள். அவளிடம் இன்சுலினுக்கு வரும் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பேனாவுக்குள் மருந்துக்குப் பதில் தண்ணீர். குத்துவதற்கு ஒரு பஞ்சுத் திண்டு. அவர்கள் கைகளை மட்டும் கேமரா பதிவு செய்தது. வந்ததும் டீ, வடை. அப்புறம் சோதனை.

அதில் சரோஜாக்கா என்று ஒருவர். தக்காளி போடும் விவசாயி, அறுபது தாண்டியவர்.

"பத்து வைங்கக்கா" என்றேன்.

நிதானமாகத் திருகினார். திண்டில் குத்தினார். ஜன்னலில் இருந்தது இருபது.

"எப்படிங்கக்கா இருக்குது பேனா?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. கைக்கு அடக்கமா இருக்குதுங்க."

"ஏதாச்சும் கஷ்டமா இருந்துச்சுங்களா?"

"ஒரு கஷ்டமும் இல்லீங்க. டீயும் நல்லா இருந்துச்சுங்க."

அவர் மட்டுமல்ல. வந்தவர்களில் பெரும்பாலோர் பத்துக்கு இருபது வைத்தார்கள். எப்படி வைத்தீர்கள் என்று கேட்டால், "நீங்க சொன்ன மாதிரித்தானுங்க, நெம்பரப் பாத்து" என்றார்கள். ஒருவேளை இவர்கள் நம்பரையே பார்க்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை ஆய்வு முடிவாக எழுத முடியாது. மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு, எனக்குக் கல்யாணமாகி எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துப் போனார்கள்.

என் வழிகாட்டி மார்கரெட் என்ற ஸ்காட்லாந்து அம்மையார். நான் ஊரிலிருந்து அனுப்பிய பதிவுகளைப் பார்த்துவிட்டு, கணினித் திரையில் வந்து, "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றார். மூன்று வருடத்தில் நான் கற்ற ஆங்கிலத்தில் இதற்கு அர்த்தம், காரியம் கெட்டது என்பதுதான். கம்பெனிக்காரர்களுக்கோ ஒரே சந்தோஷம். பயன்படுத்தியவர்களுக்குப் பூரண திருப்தி, தப்பு வைப்பதெல்லாம் பழக்கமின்மை, பெட்டிக்குள் ஒரு விளக்கத் தாள் கூடுதலாக வைத்தால் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

இரண்டு மடங்கு இன்சுலின் ஏறினால் ஆள் மயங்கி விழுவார். வயலில் தனியாக இருக்கும்போது விழுந்தால் எழுந்திருக்காமலே போகலாம். ஏன் தப்பு வைக்கிறார்கள் என்று நான் நிரூபிக்காவிட்டால் அந்தப் பேனா அப்படியே கடைக்கு வந்துவிடும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

4

என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "சந்தைக்கு வா கண்ணு, சும்மா ஒரு நட" என்று கூப்பிட்டார். பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒரு மாடு வாங்க வேண்டியிருந்தது. மாடு வாங்குவதென்றால் எங்கள் பக்கம் அப்பாவைத்தான் கூட்டிப்போவார்கள்.

அழகான மாடு ஒன்று நின்றது. எனக்கே தெரிந்தது அது நல்ல மாடு என்று. ஒருவர் வந்தார், பார்த்தார், "நல்ல மாடுங்க" என்றார், போய்விட்டார். விற்பவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து அப்பா போனார்.

"என்னங்க இது, கொம்பு ஒரு பக்கமா சாயுது. மடி எறங்கல. பின்னங்கால இழுக்குது பாருங்க. இது கறக்கறப்ப ஒதைக்கற மாடாட்டம் தெரியுதே?"

விற்பவர் முகம் மலர்ந்து, பீடியை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்தார். அரை மணி நேரம் அப்பா அந்த மாட்டை வாலிலிருந்து காது வரை கழுவிக் கழுவி ஊற்றினார். கடைசியில், "இத்தன கொற இருக்குது. சரி, அவுத்துக் குடுங்க, ஓட்டிட்டுப் போறன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

திரும்புகிற வழியில் பாத்திரக் கடையில் ஒரு குரல் கிழித்துக்கொண்டிருந்தது. "கொடமா இது, தகரம்! வாய் சின்னது, கை உள்ள போவுல, எப்படிக் கழுவறது? தூக்கனா ஆடுது. இத வச்சிகிட்டு நானென்ன கூத்தா கட்டறது?" எட்டிப் பார்த்தேன். சரோஜாக்கா! ஒரு கஷ்டமும் இல்லீங்க என்று சொன்ன அதே சரோஜாக்கா. கையில் குடத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தார், வாங்காமல் போகப் போவதில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. டீ கொடுத்தேன் அல்லவா, அத்தோடு அவர்கள் எனக்கு விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள். எங்கள் ஊரில் விருந்துக்கு வந்தவர் வைத்த பொருளில் குறை சொல்ல மாட்டார், நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டார். அதே ஆள் வாங்க வந்தால் குறையைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டார். அந்த நெறிமுறைக் குழு டீயைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. இத்தனை வருடம் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றாதது, கம்பைநல்லூர் எந்தத் திசை என்று தெரியாதவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

5

அப்பாவும் இன்சுலின் போடுபவர்தான். உறவினர் என்பதால் சோதனையில் கிடையாது. ஒத்திகைக்கு மட்டும் முதலில் அவரிடம் பேனாவைக் கொடுத்திருந்தேன். "ஒண்ணும் கொற இல்ல கண்ணு" என்று சொல்லியிருந்தார்.

சந்தையிலிருந்து வந்ததும் வாசலில் ஒரு கோணிப்பையை விரித்தேன். அதன்மேல் பேனாவை வைத்தேன். "வாங்க வாங்க, சீமப் பேனா! நான் வியாபாரி. நீங்க வாங்க வந்திருக்கறீங்க."

அப்பா ஒரு நிமிடம் விழித்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறி, மாட்டைப் பார்த்த முகம் வந்தது.

"என்ன வெல?"

வாய்க்கு வந்த ஒரு பெரிய விலையைச் சொன்னேன்.

"இதுக்கா? மூடி இறுகிக் கெடக்குது. பிளாஸ்டிக்கு வழுக்குது, வேர்த்த கைல நிக்குமா? இந்த ஜன்னலு எறும்புக் கண்ணாட்டம் இருக்குது. உள்ள நெம்பரு இருக்குதுங்கறீங்க, எவனுக்குத் தெரியுது? நான் என்ன நெம்பரப் பாத்தா வைக்கறன்? காதுகிட்ட வச்சு எண்ணித்தான வைக்கறன். பத்துக்குப் பத்து சத்தம். அந்தச் சத்தங்கூட உன் பேனாவுல ஏதோ கம்மலாக் கேக்குது..."

சட்டென்று நிறுத்திவிட்டார். வியாபாரம் போய் அப்பா திரும்பி வந்துவிட்டார்.

கதவோரம் நின்றிருந்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதுக்குத்தான் தெனமும் ஊசி போடறப்ப ஒதடு முணுமுணுங்குதா? தீர்த்தமல சாமிய வேண்டிக்கறாருன்னு இல்ல நெனச்சன்!"

"எப்ப இருந்துப்பா நெம்பர் தெரியல?"

"மா பூ வுட்டப்ப இருந்து. கண்ணுல பொக கட்டனாப்ல இருக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? படிப்ப வுட்டுட்டு ஓடியாருவ. அதான், எண்ணிக் குத்தனா சரியாத்தான இருக்குதுன்னு வுட்டுட்டன்."

பழைய பேனாவில் அது சரிதான். இந்தப் புதுப் பேனா கடைக்கு வந்து, மருந்துக்கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்திருந்தால், அப்பா பத்துச் சத்தம் எண்ணி இருபது யூனிட் குத்திக்கொண்டு வயலுக்குப் போயிருப்பார். கோணிப்பையின்மேல் உட்கார்ந்து அழுதேன். அப்பா பேனாவை எடுத்து மூடிபோட்டு என் மடியில் வைத்தார்.

மறுவாரமே தருமபுரிக்குக் கூட்டிப்போனேன். கண்புரை என்றார்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த அன்று எதிரே இருந்த போர்டில் உள்ள எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்து நர்ஸை ஓட ஓட விரட்டினார்.

6

சோதனை முறையை மாற்ற மறுபடியும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். இந்தத் தடவை ரோஷப்படவில்லை. டீ கிடையாது, பங்கேற்பாளர் வாங்குபவராக நடிப்பார், பொருளின் விலையைக் குறைக்க முயல்வார் என்று விளக்கினேன். அனுமதி வந்தது. அதே ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"போன தடவ டீ குடுத்தீங்களே?" என்றார் சரோஜாக்கா.

"இன்னிக்கு நான் வியாபாரிங்கக்கா. வியாபாரி டீ குடுப்பாங்களா?"

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. நம்பர் தெரியவில்லை, விரல் வழுக்குகிறது, சத்தத்தை வைத்துத்தான் வருடக்கணக்கில் போட்டுக்கொள்கிறோம் என்று ஒவ்வொருவராகக் கொட்டினார்கள். சிலர் அதை டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை. நோயாளிகள் ஜன்னலைப் பார்ப்பதில்லை, காதால் எண்ணுகிறார்கள். எனவே ஒரு சத்தத்துக்கு ஒரு யூனிட் என்பதை மாற்றவே கூடாது. என் ஆய்வின் முடிவு இந்த ஒரு வரிதான். அதை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "விருந்தாளி குறை சொல்லாதது உங்கள் பகுதியின் பழக்கம். இங்கே உள்ளவர்களுக்கு இது பொருந்துமா?" என்று கேட்டார். "நீங்கள் கடைசியாக முடி வெட்டிக்கொண்டபோது கண்ணாடியைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்களே, என்ன சொன்னீர்கள்?" என்று நான் கேட்டேன். அவர் தலையைத் தடவிக்கொண்டார். மார்கரெட் சிரித்தே விட்டார். தேறிவிட்டேன். கம்பெனியும் ஒரு சத்தத்துக்கு ஒரு யூனிட் என்று மாற்ற ஒப்புக்கொண்டது. வெளியே வந்து மார்கரெட் சொன்னார்: "இதைச் சுவாரசியம் என்று சொல்ல மாட்டேன் கவிதா. இது சரியாக இருக்கிறது."

7

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். விருந்தாளிகள் போனதும் அப்பாவைக் கூப்பிட்டேன். யாழினி பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். தாத்தாவோடு பேசு என்றால் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவாள்.

"எப்படி இருக்கறீங்கப்பா?"

"நல்லா இருக்கறங் கண்ணு."

"அந்த வேலையெல்லாம் வேணாம். உங்கள சந்தைக்கு ஓட்டிட்டு வந்துட்டேன். வாங்க வந்தவன் என்ன கொற சொல்லுவான்?"

ஊரிலிருந்து வந்த பிறகு எங்களுக்குள் ஏற்பட்ட வழக்கம் இது. அப்பா சிரித்தார்.

"எடது முட்டி படி ஏறனா கத்துது. ரெண்டு பல்லு ஆடுது. கோவம் வருதுன்னு உங்கம்மா சொல்லுது. கண்ணு மட்டும் புதுசு, அதுல ஒருத்தனும் கை வைக்க முடியாது." அப்புறம், "சரி, உன்ன ஓட்டிட்டு வந்தா?" என்றார்.

இதுவரை அவர் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் அவருக்குச் சொல்லி வந்தது "நல்லா இருக்கேன்ப்பா" என்பதுதான். ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் குறை சொல்ல வைத்தவள், என் சாம்பாரை மட்டும் உப்புப் பார்க்காமலே அவருக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். யாழினி துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கே இருட்டிப்போவுதுப்பா" என்றேன். "வெளிச்சம் இல்லாம மனசு ஒரு மாதிரி ஆயிடுது. போன வாரம் பஸ்ஸுல ஒக்காந்து அழுதேன், எதுக்குன்னே தெரியல. எங்கூட படிக்கறவங்கல்லாம் சின்னப் பசங்க, பேச ஆள் இல்ல. யாழினி தமிழ் பேசறதே கொறஞ்சு போச்சு..."

"சாம்பார்ல உப்புப் போட மறந்துடறாங்க தாத்தா!" என்று யாழினி போனுக்குள் கத்தினாள். தமிழில்.

அந்தப் பக்கம் அப்பா துண்டை உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு, மாட்டைப் பார்த்த அந்த முகம் எனக்குக் கண்ணில் தெரிகிற குரலில் சொன்னார்:

"இத்தன கொற இருக்குதா? சரி, அவுத்துக் குடுங்க. நான் ஓட்டிட்டுப் போறன்."